ஜெனீவாவுக்கு இரண்டாவது ஆள்

எதற்கும் அவகாசம் வாங்கிவிடும் திறமையில் ஜெனீவாவை மிஞ்ச இந்த நாட்டில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும், அதை ஊருக்குத் தெரிவிக்க அவர் இன்னும் அவகாசம் கேட்டுக்கொண்டிருப்பார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஜெனீவாவின் ஆபீஸ். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தருவது அவர் தொழில். நான் அங்கே சில வருஷம் படம் வரைந்தேன். மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்ட மாதிரி கறுப்புக் கோட்டில் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி இழுத்து, நம்பர் போட வேண்டும். அந்த ஆபீஸில் திருகாணிக்குக்கூட நம்பர் உண்டு, எனக்குத்தான் பெயர் கிடையாது. ‘டிராயிங் மேடம்’ என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். நானும் அவர் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் கணக்கு சரியாகிவிட்டது.

‘ஜெனீவா’ என்பது கீழே இருந்த ஜெராக்ஸ் கடை மாமா வைத்த பெயர். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு பொருளைக் கண்டுபிடித்தால் முதலில் நம் நாட்டில் ஒரு மனு போடுவார்கள். அந்தத் தேதி உங்கள் தேதி. அதற்கு அப்புறம் உலகத்தில் எவன் அதையே கண்டுபிடித்தாலும் நீங்கள்தான் முந்தி. பிறகு ஒரு வருஷத்துக்குள், வெளிநாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சர்வதேச மனு. பல நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வந்த ஏற்பாடு இது. அந்த மனுக்களை எல்லாம் கட்டி மேய்க்கிற ஆபீஸ் ஜெனீவாவில் இருக்கிறது. எந்தெந்த நாட்டில் உரிமை வேண்டும் என்று உடனே சொல்ல வேண்டாம். முதல் தேதியிலிருந்து முப்பது மாதம் வரை உட்கார்ந்து யோசிக்கலாம். மற்றவர்கள் இதை ஒரு சட்டம் என்று படித்தார்கள். நம்மாள் இதையே வாழ்க்கை முறையாக எடுத்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். காலை எட்டு மணிக்கே முதல் பந்தி நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால், அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருக்கிறார்.

“அய்யா, இந்த எடத்துக்கு என்னோட தேதி முந்தி.”

“என்னாய்யா தேதி?”

“காலைல எட்டு மணிக்கே தாக்கல் பண்ணிட்டேன். கைக்குட்டை உங்களுக்கு அடியில இருக்கு பாருங்க.”

பெரியவர் எழுந்திருக்காமலே கைக்குட்டையை உருவிக் கொடுத்தார். அதில் சாம்பார் இருந்தது. ஜெனீவா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் இருப்பதாகச் சொல்லிவிட்டு மூன்றாம் பந்தியில் சாப்பிட்டார்.

டீக்கடையிலும் இதே கதைதான். காப்புரிமை மனுவில் ஒரு பொருளை எப்படி எல்லை கட்டி எழுதுவார்களோ, அப்படித்தான் காபி சொல்வார். “ஒரு டம்ளர். அந்த டம்ளருக்குள்ள காபி. அந்தக் காபியில சக்கர இல்லாதது அதோட தனிச்சிறப்பு.” டீ மாஸ்டர் உள்ளே திரும்பி, “ஜெனீவாவுக்கு ஒரு சுகர் கம்மி!” என்பார். ஜெனீவா பதறிப்போய், “கம்மி இல்ல மாஸ்டர், இல்லாதது! எல்லை மாறிடுச்சே!” என்பார்.

அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“ஒரு எடம் வந்துச்சு மேடம். பொண்ணப் புடிச்சிருந்துச்சு. டைம் கேட்டேன்.”

“எவ்ளோ நாள் சார்?”

“முப்பது மாசம்.”

பெண் வீட்டார் அந்த மாதமே நெய்வேலி மாப்பிள்ளை ஒருவருக்கு முடித்துவிட்டார்கள். ஜெனீவாவுக்கு அவர்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. “அவுங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாத நாடு மேடம்” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அங்கிருந்து கடலூருக்கு தினமும் பஸ்.

அந்தத் தனிமைக்கு நடுவில் அவருக்கு ஒரு விருந்தாளி உண்டு என்றால் அது தபால்காரர்தான். மனு கிடைத்தது, நம்பர் போட்டாயிற்று, அறிக்கை தயார் என்று ஒவ்வொன்றுக்கும் ஜெனீவாவிலிருந்து கவர் வரும். தபால்காரர் மாடி ஏறும் சத்தம் கேட்டதுமே இவர் எழுந்து நின்றுவிடுவார். நாற்காலி, மின்விசிறி, காபி எல்லாம் நடக்கும். தபால்காரரின் பெண் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கிலிருந்து மாமியாரின் கண் ஆபரேஷன் வரை விசாரித்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஜெனீவாவிலிருந்து கவர் வந்த நாளில் மஞ்சக்குப்பத்தில் மற்றவர்களுக்கு மாலையில்தான் தபால் கிடைக்கும்.

அப்புறம் விதிமுறைகளை மாற்றினார்கள். காகிதம் நின்றது. இனி எல்லாத் தகவலும் ஈமெயிலில்தான் என்றார்கள். ஃபேக்ஸையும் எடுத்துவிட்டார்கள்.

“நல்லதுதான சார், ஒடனே வந்துடும்” என்றேன்.

“ஒடனே வந்து என்னா பண்றது மேடம்? யாரு கொண்டாறது?”

தினமும் பதினொரு மணிக்கு ஜன்னலோரம் போய் நிற்பார். தபால்காரர் கீழே சைக்கிளை நிறுத்தாமலே, “ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்!” என்று கையை ஆட்டிவிட்டுப் போவார். “வெயிலா இருக்கே, மேல வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்பார் இவர். இரண்டொரு தடவை அந்த மனிதரும் ஏறி வந்தார். கொடுக்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்க அவருக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, அப்புறம் அதுவும் நின்றுபோனது. அந்த ஜன்னலை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த இடி நம் நாட்டு விதியிலேயே விழுந்தது. மனுவைப் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்க நாற்பத்தெட்டு மாதம் இருந்த கெடுவை முப்பத்தொன்றாகக் குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஜெனீவா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கீழே ஜெராக்ஸ் மாமா, “என்னா சார், ஏதாச்சும் கெட்ட சேதியா?” என்றார்.

“போயிடுச்சு மாமா. பதினேழு மாசம்.”

மாமாவுக்கு எட்டுப் பேரப்பிள்ளைகள். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, கண் கலங்க மாடிக்கு வந்து, “கொழந்த யாரோடது சார்?” என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்ன பிறகு, ஷட்டரை ஏற்றும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஒரு திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தார் ஜெனீவா. முதுகுப் பிடிப்பு. அதற்கு அடுத்த வாரம் கையில் ஒரு கருவி. வளைந்த மூங்கில் பிடி, நுனியில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற உருளை, பிடிக்குள்ளே தைலம் இறங்க ஒரு குழாய். பிடியை அமுக்கினால், தோள்பட்டைக்கு நடுவில் கை எட்டாத அந்த இடத்தில் தைலம் பூசும். இத்தனை வருஷம் காலேஜ் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்காகவும் பண்ருட்டி வியாபாரிகளின் முந்திரி மெஷினுக்காகவும் எழுதிய மனிதர், முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு மனு போட்டார். இங்கேயும் போட்டார், கெடு முடியக் காத்திருக்காமல் சர்வதேச மனுவும் போட்டார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, “முதுகு கொஞ்சம் எளமையா இருக்கு மேடம்” என்றார்.

“நெஜ முதுகப் பாத்தா சார் வரைய முடியும்?” என்றேன். காதுவரை சிவந்துபோனார்.

மனுவில், ‘தனியாக வசிப்பவர்களின் முதுகில் தைலம் பூசும் கருவி’ என்று எழுதியிருந்தார். அவரே கற்றுக்கொடுத்த பாடத்தை அவருக்கே சொன்னேன். “எல்லையக் குறுக்கறீங்க சார். ‘தனியாக’ங்கறத எடுத்துடலாமே. முதுகு எல்லாருக்கும்தான் இருக்கு.”

“எல்லாருக்கும் ஆளும் இருக்காங்களே மேடம்.”

நான் அம்புக்குறி போட்டேன்.

மனுக்களைப் பார்க்க ஒரு இணையதளம் உண்டு. அதிலும் புது ஏற்பாடு வந்தது. பாஸ்வேர்டு போதாது, போனில் வரும் எண்ணையும் போட்டால்தான் கதவு திறக்கும். ஒருநாள் அப்படித் திறந்து உள்ளே போனவரை ஒரு அறிவிப்பு நிறுத்தியது. இந்த மனு ஒரே ஒருவர் கையில் இருக்கிறது, அவர் இல்லாத நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது, இன்னொருவரையும் சேர்த்து வைப்பது நல்லது என்று போட்டிருந்தது. கட்சிக்காரர்களின் மனுக்களுக்கெல்லாம் இரண்டாவது ஆளாக நான் இருந்தேன். இவருடைய சொந்த மனுவில் மட்டும் அந்த இடம் காலி.

“என் பேரப் போட்டுக்குங்க சார்” என்றேன்.

“நீங்க சம்பளத்துக்கு வர்றீங்க மேடம். நாளைக்கு நல்ல எடம் கெடச்சா போவீங்க, போகவும் வேணும். இது சொந்த கேஸ். சொந்தமா ஒரு ஆள் வேணும்.”

“இது வெறும் அட்வைஸ்தான சார்? கட்டாயம் இல்லியே?”

“கட்டாயம்னா அவகாசம் கேட்டுடலாம். இத யார்கிட்ட போய்க் கேக்கறது?”

மறுநாளே ஆள் தேடக் கிளம்பினார். முதலில் டீ மாஸ்டர். “ஒங்க பேரும் போன் நம்பரும் குடுங்க மாஸ்டர், என் பேருக்குப் பக்கத்துல போட்டுக்கறேன்” என்றார். நம்ம ஊரில் ஒருத்தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருத்தன் பெயரைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாஸ்டர் பாய்லருக்குப் பின்னால் போய்விட்டார். “ஜாமீன்லாம் நம்மால முடியாது சார்!”

அடுத்து அண்ணாகிராமத்து முந்திரி முதலாளி. தன் மெஷினுக்கு இவர் காப்புரிமை வாங்கித் தந்த நன்றியில் இவரை ‘மச்சான்’ என்றே கூப்பிடுகிறவர். “உசுரக் கேளு மச்சான், தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காத. ஊட்ல சத்தியம் வாங்கியிருக்கா” என்று சொல்லி, ஆறுதலுக்கு ஒரு பலாப்பழத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தபால்காரர் டிபார்ட்மென்டில் அனுமதி வாங்க வேண்டும் என்றார். ஜெராக்ஸ் மாமா பதினேழு மாதத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

இது ஜாமீன் இல்லை என்று எல்லோருக்கும் விளக்கினார் ஜெனீவா. வினையே அங்கேதான். “பணம் காசு எதுவும் இல்லீங்க. எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா, பாத்துக்க ஒரு ஆள். அவ்ளோதான்.” அதைக் கேட்டவர்கள் இவர் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். ஆள் வேறு ஏற்கெனவே ஒல்லி. ஒரே வாரத்தில் மஞ்சக்குப்பத்திலிருந்து அண்ணாமலை நகர் வரைக்கும், ஜெனீவாவுக்கு டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று பேச்சாகிவிட்டது.

அந்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போன எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசல் நிறையச் செருப்பு. உள்ளே ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டுமாக ஆட்கள். பக்கத்து வீட்டுப் பேராசிரியர், டீ மாஸ்டர், முந்திரி முதலாளி, தபால்காரர் குடும்பத்தோடு. உட்கார இடம் இல்லாமல் பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார் ஜெனீவா. ஒவ்வொருவரிடமும் பேர் பேராக விசாரித்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகம் அப்படி ஒரு பிரகாசமாக இருந்தது. “ஒடம்பு எப்பிடி சார் இருக்கு?” என்றால், “பரவால்ல” என்பார்.

சமையலறைக்குக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். “சார், இது ரொம்பத் தப்பு. ஒடனே எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லுங்க.”

“நான் ஒண்ணும் பொய் சொல்லல மேடம். அவுங்களா வர்றாங்க. சொல்றேன். கொஞ்சம் அவகாசம் குடுங்க.”

நானும் கொடுத்தேன். அந்தப் பிரகாசத்தை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

அணைத்தவர் முந்திரி முதலாளி. திங்கட்கிழமை காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கிளம்பிவிட்ட கடலூர் பஸ்ஸைத் துரத்தி ஓடி, ஒரே தாவலில் புட்போர்டில் தொத்திக்கொண்ட நோயாளியை நேருக்கு நேர் பார்த்துவிட்டார். “அடப்பாவி மச்சான்! எனக்கே அந்த பஸ்ஸப் புடிக்க முடியாதுய்யா!” என்று ஊரெல்லாம் சொன்னார். அன்றோடு செருப்புகள் காணாமல் போயின. பேராசிரியர் இவரைப் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். டீ மாஸ்டர் சர்க்கரை போட்டே காபி கொடுத்தார். ஜெனீவா எல்லையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தார்.

அவர் இரண்டு நாள் ஆபீஸுக்கு வராததால் நான் போய்ப் பார்த்தேன். நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வட்டமாகப் போட்டது போட்டபடி கிடந்தது. நடுவில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கேலி ஒன்று வாய் வரை வந்தது எனக்கு. அதை விழுங்கிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா அக்கா வந்தார். கடலூர்க்காரர். கணவர் தவறிய பிறகு அண்ணாமலை நகரில் மெஸ் நடத்துகிறவர். காலையும் இரவும் ஜெனீவாவுக்குச் சாப்பாடு அங்கேதான், பல வருஷமாக. ஊரே ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தபோது எட்டிப் பார்க்காத ஒரே ஆள்.

“எல்லாரும் வந்தாங்க, நீங்க வரலியே அக்கா?” என்றேன்.

“சாவப் போற ஆளு காலங்காத்தால நாலு தோச சாப்புட்டுட்டு இன்னொரு கரண்டி சட்னி கேப்பாரா? எனக்குத் தெரியாதா?” என்றவர் ஜெனீவா பக்கம் திரும்பினார். “டீக்கடையில கேட்டீங்க. தபால்காரர்கிட்ட கேட்டீங்க. அண்ணாகிராமம் வரைக்கும் போய்க் கேட்டீங்க. என்ன ஏன் கேக்கல?”

ஜெனீவா தரையைப் பார்த்தார். “கேக்கலாம்னுதான் இருந்தேன். கொஞ்சம் அவகாசம்...”

“எத்தினி வருஷமா?”

நான் பக்கத்திலிருந்த நாற்காலியை நகர்த்தி அடுக்குகிற மாதிரி நடித்தேன்.

“ரெண்டு வேள நீங்க சாப்புட வரலன்னா மொதல்ல தேடிக்கினு வரப் போறது யாரு? நான்தான? அப்பறம் என் பேரப் போடாம யாரு பேரப் போடப் போறீங்க?” என்றார் அக்கா. “ம், போடுங்க.”

அக்காவுக்கு நானே ஈமெயில் ஆரம்பித்துக் கொடுத்தேன். ஜெனீவாவின் அழைப்பு அக்காவின் போனுக்கு வந்தது. ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். “இங்கிலீஷ்ல என்னா போட்டிருக்கு?” என்றார். “இவரோட விஷயத்துல இனிமே ஒங்களுக்கும் உரிமை இருக்குன்னு போட்டிருக்குக்கா” என்றேன். அக்கா அமுக்கினார். பாத்திரம் கழுவின ஈரக் கை, போன் ஏற்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். ஜெனீவா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார், அது போன வருஷத்துக் காலண்டர்.

சில மாதம் கழித்து சர்வதேச ஆய்வு அறிக்கை ஈமெயிலில் வந்தது. ஏதோ ஒரு பனி நாட்டில், பல வருஷத்துக்கு முன்பே, கிட்டத்தட்ட இதே கருவிக்கு ஒருவர் உரிமை வாங்கியிருந்தார். வளைந்த பிடி, உருளை, குழாய், எல்லாம் அப்படியே. இதற்கு மேல் இந்த மனு நகராது. ஜெனீவா அந்த ஊர்க்காரரின் கருவிப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கயும் ஒருத்தருக்கு ஆள் இல்ல போல மேடம்” என்றார். “அதுவும் அந்தக் குளிர்ல.”

சனிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் கூட்டம் ஓய்ந்த பிறகு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். கேஸ் முடிந்துவிட்டது, இனி இரண்டாவது ஆள் தேவைப்படாது, பெயரை எடுத்துவிடலாம் என்றார் ஜெனீவா.

“எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார் அக்கா, இலையை எடுத்துக்கொண்டே.

ஜெனீவா, “சரி” என்றார். யோசிக்கவே இல்லை.

அன்று மாலைதான், புதுச்சேரியில் எனக்கு வேறு வேலை கிடைத்திருப்பதை அவரிடம் சொன்னேன். அது கிடைத்து வெகு நாளாகியிருந்தது. இந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாமல், அத்தனை நாளும் வேலை கொடுத்தவர்களிடம் நான் அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தேன்.